இரண்டு புள்ளி

நாட்டின் பெயர் சொல்லக்கூடாது, கையெழுத்து வைத்திருக்கிறேன்.
மேற்கு ஆபிரிக்காவில் சின்னது,
கச்சான் விற்றுக் காசு பார்க்கிறது. இவ்வளவு சொல்லலாம்.
பரந்தன் சந்தியில் உரக்கடைக்கு மேல்மாடி,
பெட்டிக்கு இரண்டு ரூபாய்:
ஸ்கேன் பண்ணின தாளைப் பார்த்து
அதன் கையிருப்பை வருடம் வருடமாக அடிக்கிறேன்.

பொன் ஒரு நிரல், டொலர் ஒரு நிரல்.
கடைசி நிரலில், கையில் இருப்பதை வைத்து
எத்தனை மாதத்துக்குச் சாமான் இறக்கலாம் என்று.
ஒரு வருடம் ஐந்து. அடுத்தது ஒன்றரை.
ஒன்றரையில் விரல் கொஞ்சம் நின்றது.
மண்ணெண்ணெய் வரிசையில் கானோடு நின்ற எங்கள் வருடத்தை
யார் அடித்திருப்பார்கள், எந்த ஊரில், என்ன கூலிக்கு?

சில வருடங்களில் இரண்டு புள்ளி மட்டும்.
அடிக்குறிப்பு: தரவு கிடைக்கவில்லை, பூச்சியம் அல்ல.
பூச்சியம் அடித்தால் அன்றைய கூலி வெட்டு.

தவமலர் மச்சாள் முறிகண்டியில் கச்சான் வறுக்கிறா.
போன கிழமை இழப்பீட்டுப் படிவம் கொண்டுவந்தா.
நகை, இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை:
பென்சிலால் பூச்சியம் போட்டிருந்தா.
எட்டுப் பவுண், மாத்தளனில், எந்தப் பங்கருக்குள் என்று
அவவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
அழித்துவிட்டு இரண்டு புள்ளி வைத்தேன்.

"இதென்ன?" என்றார் கிராம அலுவலர்.
"கிடைக்கேல்லை எண்டு அர்த்தம் சேர்.
இல்லை எண்டு இல்லை."

அவர் கண்ணாடியைத் துடைத்தார்,
இரண்டு புள்ளியையும் பேனையால் சேர்த்துக்
கோடாக்கிவிட்டு
அடுத்த பெட்டிக்குப் போனார்.