கூட வந்தது யார்

பீடோங்கில் மின்சாரம் போனால்
எங்கள் ஆய்வகத்து ஜெனரேட்டர் இருமி இருமி எழும்.
மைனஸ் எண்பதில் உறையும் எலி விரைகள்
அதற்குள் இளகிவிடக் கூடாதென்று
நானும் ஹிடாயாவும் பெட்டிக் கதவை
ஆளுக்கொரு தோளால் அழுத்தி நிற்போம்.
சன்னலுக்கு வெளியே செம்பனை, செம்பனை,
அப்புறம் ஒரு டயர் கடை.

வீட்டில் கேட்டால் "புரதம்" என்கிறேன்.
அம்மா அதை முட்டை என்று எடுத்துக்கொண்டு
அத்தைமாரிடம் சொல்லிவிட்டாள். திருத்தவில்லை.
விரை என்ற சொல்லைச்
சாப்பாட்டு மேசையில் வைக்க
இன்னொரு பட்டம் வாங்க வேண்டும்.

இரத்தத்துக்கும் விந்தணுவுக்கும் நடுவில் ஒரு சுவர்.
செங்கல் கிடையாது. பக்கத்துப் பக்கத்து செல்கள்
விளிம்பை விளிம்பு கவ்வி நிற்பதுதான் சுவர்.
கவ்வும் பல்லுக்கு ஒக்ளூடின் என்று பெயர்.
பல்லைத் தாங்கும் ஈறுக்கு வேறு பெயர்.
எதற்கு இந்தக் காவல்?
உடம்பு தன் ஆட்களைக் கணக்கெடுத்து முடித்துப்
பல வருஷம் கழித்தே விந்தணு பிறக்கிறது.
பேரேட்டில் அதற்குப் பெயரில்லை.
இரத்தம் கண்டால் அந்நியன் என்று அடிக்கும்,
சொந்த வீட்டில் பிறந்ததை.

எலிக்கூண்டு கழுவும் சன்னாசி இதைக் கேட்டுவிட்டுச்
சட்டைப் பையிலிருந்து சிவப்பு அடையாள அட்டையை எடுத்து
பிப்பெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.
மூணாம் டிவிஷனில் பிறந்தவர்.
"நானும் லேட்டா பதிஞ்ச கேசுதான், டாக்டர்.
எனக்குச் சுவரு கட்டத்தான் ஆளில்ல."
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
நான் இன்னும் டாக்டர் ஆகவும் இல்லை.

ஆனாலும் சுவரைக் கடந்துதான் ஆக வேண்டும்,
முதிரப்போகும் செல்.
முதலில் பின்னால் ஒரு புதுக் கதவு சாத்தப்படும்.
அப்புறம்தான் முன்கதவு அவிழும்.
நடுவே கொஞ்ச நேரம்
இரண்டு பூட்டுக்கிடையில் நிற்கும் அது.
யார் சொல்லி அவிழ்கிறது?
அதற்குத்தான் தூண்டில் போடுகிறேன்:
ஒரு புரதத்தை மட்டும் பிடி,
உப்புநீரில் மூன்று முறை அலசு,
விடாமல் கூட வந்தது யார் என்று பார்.

சன்னாசி பதினொரு வருஷம் மருந்தடித்தவர்.
முதுகில் தொட்டி, முகத்தில் ஒரு துண்டு.
பிள்ளை இல்லை.
மூன்று கோயிலுக்கு அழைத்துப் போனது
அவர் மனைவி பார்வதத்தை மட்டும்.

"அந்த மருந்த எலிக்கும் குடுக்கிறீங்களா?"
கொடுக்கிறோம்.
"சுவரு ஒடையுதா?"

நேற்றைய படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்.
மருந்து படாத எலியில் ஈறு, பல்லோடு வந்திருக்கிறது:
கறுப்பாய், அழுத்தமாய் ஒரு கோடு.
மருந்து பட்டதில்
இருக்கிறது என்றால் இருக்கிறது,
இல்லை என்றால் இல்லை.
ஹிடாயா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள்,
போட்டுக்கொண்டும் பார்த்தாள்.
மின்சாரம் போன இரவின் மாதிரி அது.
எதையும் நம்ப முடியாது.

"தெரியல அண்ணே" என்றேன்.
அவர் அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டு
மேலே பொத்தானும் மாட்டிக்கொண்டார்.

திரும்பச் செய்ய இன்னும் ஆறு எலி வேண்டும்.
திங்கட்கிழமை அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.