யார் கை

வீட்டில் மரகதம். ரிஜிஸ்டரில் மா மியா தின்.
ஆஸ்பத்திரியில் சயாமா.
பிப்ரவரியில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு
வேலையை விட்டு வெளியே வந்த பிறகு
மூன்று பெயரும் சும்மா கிடக்கின்றன.

பதின்மூன்று வருஷம்
ஐஸ்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு
மோல்மேனின் தமிழ்த் தெருக்களில் நடந்தவள் நான்.
அரிசி டிரம்முக்குள் பிள்ளையை ஒளித்துவைத்து
"ஊருக்குப் போயிருக்கான் சயாமா" என்று
சிரிக்காமல் சொன்ன தாய்மார்களைத் தெரியும்.
டிரம் தும்மும்.
நான் குடிக்கத் தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிடுவேன்.
ஒரு மழைக்காலத்தில்
என் மகனின் தொடையில் முதலில் குத்திக் காட்டினேன்.
அலறல் இரண்டு தெருவுக்குக் கேட்டது.
மறுநாள் இருபத்தாறு பிள்ளைகள் வந்தார்கள்.
மருந்து எந்த நாட்டில் காய்ச்சியதென்று
ஒருத்தியும் கேட்டதில்லை.
யார் கை என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஜூலையில் ஸ்கூல் வாசலில் பச்சைக் கூடாரம் போட்டார்கள்.
இந்தப் பக்கம் துப்பாக்கி, அந்தப் பக்கம் ஊசி.
இலவசம், அடையாள அட்டையோடு வாருங்கள் என்றது
ஒலிபெருக்கி.
அட்டை என்ற சொல்லில்
தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.
பெயர் கொடுத்தவன் திரும்பி வராத கதை
அப்போது வீட்டுக்கு ஒன்று இருந்தது.

வெற்றிலைக் கடை அங்கமுத்து,
அட்டையில் ஊ அவுங் மோ,
சர்க்கரைக்காரர், வயது அறுபத்தெட்டு,
பின்வாசல் வழியாக வந்து நின்றார்.
சுண்ணாம்பு காய்ந்த விரலால்
தன் தோளைத் தொட்டுக் கேட்டார்:
"போட்டுக்கலாமா சயாமா?"

எனக்குப் பதில் தெரியும்.
பதின்மூன்று வருஷமாகத் தெரியும்.
காட்டுக்கு ஓடிப்போன டாக்டர்கள்,
என்னோடு நைட் டியூட்டி பார்த்து
இப்போது சிறையில் இருக்கும் நிலார் வின்,
எல்லாரும் என் நாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.
"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.
மருந்துச் சீட்டு மாதிரி
அதை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பத்தொன்பது நாள் பொறுத்தார்.

பிறகு கடைக் கூரையில் மஞ்சள் துணி ஏறியது,
மருந்து வேண்டும் என்று.
நனைந்து கம்போடு ஒட்டிக்கொண்டதில்
தூரத்திலிருந்து நிறம் தெரியவில்லை.
அவர் மகன் பைக்கில் காலி சிலிண்டரைக் கட்டி
ஆக்சிஜன் ஆலை வாசலில் இரவெல்லாம் நின்றான்.
அவன் நம்பர் இருநூற்றுப் பதினொன்று.
நூற்றுத் தொண்ணூறில் கேட்டைப் பூட்டினார்கள்.

மறுவாரம் முகத்தை மூடிக்கொண்டு
கூடாரத்து வரிசையில் நானும் நின்றேன்.
ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்ல வரவில்லை.
பயம் என்றால் பாதி பொய்.
உள்ளே ஊசி பிடித்திருந்த பெண்ணை
அவள் பஞ்சைப் பிடித்த விதத்தில் தெரிந்துகொண்டேன்:
கட்டைவிரல் கீழே, சுண்டுவிரல் எட்டி.
நான் சொல்லிக்கொடுத்த பிடி.
அவளும் என் கண்ணைப் பார்த்தாள்.
என் மூன்று பெயரும் அவளுக்குத் தெரியும்.
அட்டையைக் கேட்கவில்லை.
காவலுக்கு நின்றவன் பக்கம் திரும்பாமல்
"டா கின் சோ" என்று சத்தமாகச் சொல்லி எழுதினாள்.
யாருடைய பெயரோ.
குத்தியது தெரியவில்லை.

திரும்பும் வழியில் அங்கமுத்துவின் கடை.
அவர் சம்சாரம் வடிவாம்பாள்
பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
சட்டைக் கையைத் தூக்கி
அந்தச் சின்னப் பொட்டைக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி
சுண்ணாம்பு தடவி, பாக்கு வைக்காமல் மடித்து
அவர் உட்காரும் இடத்தில் வைத்தாள்.

"முந்தியே காட்டியிருக்கலாம்."

தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது.
கடைப்பலகையை இழுத்துக்கொண்டே கேட்டாள்:
"யாரு போட்டுவிட்டா?"

அந்தப் பெண்ணின் பெயர் பல்வரைக்கும் வந்தது.
தெருமுனையில் லாரி நின்றிருந்தது.

"தெரிஞ்ச கைதான்" என்றேன்.