கறுப்பைத் தனியாக விற்பதில்லை

பன்னிரண்டு மெழுகு வண்ணக் குச்சிகள் ஒரு பெட்டியில்.
பதினோராம் நாள் கறுப்பு தீர்ந்துவிட்டது.
மஞ்சளின் கூர் இன்னும்
கடையில் பார்த்தபடியே இருக்கிறது.

கீருனாவில் இது டிசம்பர்.
சூரியன் எங்கள் பக்கம் வருவதை நிறுத்தி ஒரு வாரம்.
நண்பகலில் கொஞ்சம் நீலம் கசியும்,
ரக்னா பால் குடித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விடும்.

அவளுக்கு நான்கு வயது.
இருமல் நிற்கும்வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள்.
வீட்டிலேயே என்றால் என்ன செய்வது?
ஓர் அட்டவணை எழுதினேன்.
திங்கள்: பொத்தான் கோர்த்தல்.
செவ்வாய்: உப்பு மாவில் உருண்டை.
புதன்: ஒன்று முதல் பத்து.
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்,
நானே ஒரு பள்ளிக்கூடம் என்பதுபோல்.

பொத்தான்கள் சோபாவின் வயிற்றுக்குள் போயின.
உப்பு மாவை நக்கினாள், முகம் சுளித்தாள்,
மறுபடி நக்கினாள்.
மலிவுத் தூரிகை முடி உதிர்த்தது;
அவள் வரைந்த குதிரைக்கு
வேண்டாத இடத்திலெல்லாம் மீசை.
புதன்கிழமைக்குள் அட்டவணை முழுக்கக் கறுப்பு.

அதுதான் என்னை உறுத்தியது.
எதை வரைந்தாலும் முதலில் தாள் முழுக்கக் கறுப்பு,
கை வலிக்க வலிக்க.
இடையிடையே வெள்ளைத் திட்டுகள்.
சோம்பல் என்று நினைத்தேன்.
இதையும் நிரப்பு கண்ணே என்று
விரல் வைத்துக் காட்டவும் செய்தேன்.
அவள் என் விரலைப் பிடித்து
மெதுவாக அப்புறம் நகர்த்தி வைத்தாள்.

ஹெல்மியின் கடையில் கேட்டேன்:
கறுப்பு மட்டும் கிடைக்குமா?
கறுப்பைத் தனியாக விற்பதில்லை என்றாள்,
இன்னொரு பெட்டி வாங்கு,
இன்னொரு மஞ்சளைச் சும்மா வைத்திரு.
பிறகு, என்ன வரைகிறாள், என்றாள்.
கைப்பையில் மடித்திருந்த தாளைக் கொடுத்தேன்.
தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.
இது உன் வண்டி, என்றாள்.

ஆமாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திட்டுகள்,
மேலே சின்னதாக ஒன்று:
நான் ஓட்டும் பனி தள்ளும் வண்டி,
முன்விளக்கு இரண்டும், தலைமேல் சுழலும் ஒன்றும்.
தெருவின் விளக்குக் கம்பங்கள் வரிசையாக.
மூலையில் அவள் அப்பாவின் சுரங்கத் தொப்பி விளக்கு,
அரிசியளவு.
அத்தனையையும்
தொடாமல் விட்டு விட்டே வரைந்திருக்கிறாள்.

கறுப்பு அட்டை பத்துத் தாள் வாங்கினேன்.
வெள்ளைச் சுண்ணக்கட்டி ஒரு டப்பா.
கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய கத்தரி,
முனை மழுங்கியது, எந்தக் கைக்கும் பொருந்துவது;
அதையும் ஏதோ ஞாபகத்தில் எடுத்துக்கொண்டேன்.

ரக்னா அட்டையைப் பார்த்தாள்.
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.
"இதை யாரு முடிச்சாங்க?" என்றாள்,
கொஞ்சம் கோபமாக.

சுண்ணக்கட்டியை இரண்டாக ஒடித்து
பொம்மை நாய்க்கு இரவுணவாக வைத்துவிட்டாள்.
எனக்கு நூற்றிருபது குரோனர் கண்முன் போனது.
ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போனேன்,
மூன்றரைக்கு எழ வேண்டும்.

அன்றிரவு பனி நிற்காமல் கொட்டியது.
விடிகாலை என்று கடிகாரம் சொன்ன நேரம்
எங்கள் தெருவைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.
மூன்றாம் மாடி. சமையலறை ஜன்னல்.
கண்ணாடி முழுக்க அட்டை ஒட்டியிருந்தது, கோணலாக,
உயரத்தில் இருந்தது அப்பா கை.
அட்டையில் ஓட்டைகள்,
கடித்துத் துப்பியதுபோல் ஓரங்கள்,
ஒவ்வொன்றிலும் எங்கள் வீட்டு மின்விளக்கு.

ஏழுக்கு மேல் அவளுக்கு எண்ண வராது.
நான் எண்ணினேன், பதினொன்று.

வண்டியை நிறுத்தக் கூடாது, விதி.
முன்விளக்கை ஒருமுறை
அணைத்துப் போட்டேன்.
மேலே ஓர் ஓட்டை இருண்டது,
யாரோ அதில் கண் வைத்ததுபோல.