கேட் போட்ட நேரம்

கோதண்டத்துக்கு எல்லா வாளும் தெரியும்.
"உறைக்குள் நீலச் சுடர்..." என்று நான் இழுப்பதற்குள்
பக்க எண்ணைச் சொல்லிவிடுவான்.
மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் மேல் உட்கார்ந்தும்
விதிப்புத்தகம் படிப்பான் என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே வாரம் முழுக்க
மஞ்சக்குப்பம் மருந்துக்கடையில்
காலாவதியான மாத்திரைப் பெட்டிகளைக் கிழித்து
பில் போடும் நேரம் போக
உள்பக்கம் எதையாவது எழுதிப் பார்க்கிறேன்.

பிடித்தவர் மேல் மட்டும் பெய்யும் குடை.
ரோஸ்லின் அதில் குளித்தாள். அவ்வளவுதான்.
பொய் சொன்னால் கனக்கும் செருப்பு.
ஒருவரும் நகர முடியாமல் இரண்டு மணி நேரம் போனது.
நாளைய பலத்தை இன்றைக்கே கடன் தரும் மோதிரம்.
நஸ்ரினுக்கு வங்கியில் வேலை,
வட்டி எத்தனை சதம் என்று கேட்டுவிட்டு
மோதிரத்தை என்னிடமே நீட்டினாள்.

வியாழக்கிழமை முதுநகர் போகிற வழியில்
கேட் போட்டுவிட்டார்கள்.
பால் வண்டி நின்றது. பள்ளிக்கூட வேன் நின்றது.
ஒரு சாவு ஊர்வலம் வந்து,
அதுவும் நின்றது, மேளத்தோடு.
சரக்கு ரயில். ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணினேன்.

இருமல் மருந்துப் பெட்டியில் எழுதினேன்:
துருப்பிடித்த விசில். ஊதினால்
எதிரில் உள்ளதெல்லாம் நிற்கும்,
நீளமான ஒன்று கடந்து போகிற வரை.

சனி இரவு, மொட்டைமாடி.
பகடை மேல் கொசுவத்திச் சாம்பல்.
யாளி பாய்ந்தது, நஸ்ரின் ஊதினாள்.
பாதிக் காற்றில் யாளி நின்றது,
அதன் வாயிலிருந்து விழுந்த எச்சிலும் நின்றது.
கோதண்டம் வாயைத் திறந்தான்.
எண் வரவில்லை.

தண்டவாளமே இல்லாத காட்டில்
பெட்டி பெட்டியாக ஏதோ கடந்தது.
"வெட்டுடி, கழுத்து சும்மாதான இருக்கு" என்றாள் ரோஸ்லின்.
நஸ்ரின் வெட்டவில்லை.
"கதவு திறந்திருக்கா?"
எதில்?
"போகுதே, அதுல."

நான் வெளிப்பக்கம் மட்டும்தான் யோசித்திருந்தேன்.
உள்ளே யார், எந்த ஊர் போகிறது,
எங்கே இறங்குவது,
ஒன்றுமில்லை என்னிடம்.
அவளோ உருட்டியே விட்டாள். பத்தொன்பது.
ஏறிவிட்டாள்.

டீ குடிக்கலாமே என்றேன். பிளாஸ்க் காலி என்றார்கள்.
யாளி அந்தரத்தில் நிற்க
மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்க
சட்டைப்பையைத் துழாவினேன்.
வாயுத்தொல்லை மாத்திரைப் பெட்டி ஒன்று.
ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு
பெட்டியைக் கிழித்து எழுதினேன்:
ஜன்னலோரம் ஒருவர். பக்கத்தில் துண்டு விரித்திருக்கிறார்.
நஸ்ரினைப் பார்த்து,
"ஆள் வருதும்மா" என்கிறார்.