எதிர்காற்று

இரவுப் பணி.
சாங்கி சரக்கு வட்டாரம், மூன்றாம் மாடி.
திரையில் ஃபிராங்க்ஃபர்ட்.
வரைபடத்தில் என் ஆள்காட்டி விரல் நீளம்,
கணக்கில் பத்தாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்,
மூடிக்கிடக்கும் வானங்களைச் சுற்றிப் போனால்
இன்னும் ஓர் அறுநூறு.

போகப் பதின்மூன்று மணி இருபது நிமிடம்.
வரப் பன்னிரண்டு பத்து.
தூரம் ஒன்றுதான்.
காற்றுதான் ஒருபக்கம் பேசும்:
போகிற பிள்ளையை எதிரே நின்று மறிக்கும்,
வருகிற பிள்ளையை முதுகில் கைவைத்துத் தள்ளும்.
நானும் அப்படித்தான் செய்திருப்பேன்,
கை எட்டியிருந்தால்.

ஜூன் விடுமுறையில் இருபத்தொரு நாள் அவருக்கு
என்கிறது ஒப்பந்தம்.
"பறக்கிற நேரம் யார் கணக்கில்?"
வழக்கறிஞர் திருவாட்டி குவெக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லையாம்.
துடைத்து மாட்டிய பிறகும்
பதில் வரவில்லை.

ஆக, அந்தப் பதின்மூன்று மணி நேரம்
புறம்போக்கு.
பட்டா இல்லை, வேலி இல்லை.
வருடத்துக்கு இரண்டு தடவை
என் மகள் மகிழ்நிலா
அதில் தனியாகக் குடியிருக்கிறாள்,
கழுத்தில் பாஸ்போர்ட் தொங்கும் பிளாஸ்டிக் உறை,
மடியில் ஒரு டம்ளர் மைலோ.

எடைத்தாளில் யாருக்கும் பெயர் கிடையாது.
பெரியவர் எழுபத்தைந்து கிலோ,
பிள்ளை முப்பத்தைந்து.
இவள் முப்பத்தெட்டு.
போன வாரம்தான் தராசில் ஏறிக் குதித்தாள்.
மிச்ச மூன்று கிலோ
யார் கணக்கிலும் ஏறாமல்
சும்மா பறக்கிறது.

வங்கக்கடலுக்கு மேல் இடிமேகம் என்று
எண்ணூறு கிலோ எரிபொருள் கூட்டிக் கேட்டேன்.
மேகம் இருந்தது, பொய்யில்லை.
நானூறு போதும் என்பதும் பொய்யில்லை.
காரணப் பெட்டியைத் தட்டினால்
பன்னிரண்டு காரணங்கள் கீழே இறங்கும்,
அதற்குள்தான் நான் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டும்.
பக்கத்து மேசை அமல்தாஸ் எட்டிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
கச்சாங் பூத்தே பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான்.
கடலையை எடுத்துக்கொண்டு பட்டாணியை விட்டேன்.

ஏழேகாலுக்கு வெளியே வந்தேன்.
ஓடுபாதைப் புல்லில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
அவர் ஊரில் இரவு ஒன்றேகால்,
அலாரம் வைத்துவிட்டுத் தூங்குவார்.
அவள் காஸ்பியன் பக்கம் எங்கோ,
எங்கள் இரண்டு கடிகாரத்துக்கும் சிக்காத ஒரு மணியில்,
சூரியனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பதால்
விடியாமலே நீளும் இருட்டில்.
காலைப் போர்வைக்கு வெளியே நீட்டித்தான் தூங்குவாள்.
பணிப்பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?
இழுத்து மூடிவிட்டிருப்பாள்.

பத்தொன்பதாம் எண் பேருந்து
ஆறு நிமிடத்தில் வரும் என்றது பலகை.
பதினான்கு ஆனது.
காற்றும் இல்லை, மேகமும் இல்லை.
ஓட்டுநரிடம் யாரும்
காரணம் கேட்கவில்லை.