என் பங்கு

முதல் மாதம் தொண்ணூற்றெட்டு.
மகன் உடம்பில் ஓடும் ரத்தத்தில்
என்னுடையது எத்தனை சதவீதம் என்று
ஔலு ஆஸ்பத்திரி போட்டுக் கொடுத்த கணக்கு.
டீசல் ரசீதின் பின்புறம் குறித்துக்கொண்டு
சட்டைப்பையில் வைத்தேன்,
பரிசு விழுந்த சீட்டைப் போல.

பாதிப் பொருத்தம்தான், பாதி போதும் என்றார்
டாக்டர் ரௌஹலா.
அறுபத்து மூன்று வயதுக்காரனின் அணுக்கள்.
ஐந்து மணி நேரம்
ஒரு கையில் வெளியேறி மறு கையில் திரும்பியது ரத்தம்.
நடுவில் ஒரு பை நிறைந்தது,
கேன்டீன் தக்காளி சூப்பின் நிறத்தில்.

கோடையில் அவன் ரத்த வகையே மாறியிருந்தது.
பிறந்தபோது அவன் அம்மாவைப் போல ஏ.
இப்போது என்னைப் போல ஓ.
"அப்ப உங்க குறட்டையும் வந்துடுமா?" என்றான் இலாரி.
மீர்வா சிரித்த சிரிப்பில்
நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

முப்பத்தொரு குளிர்காலம்
துய்ரா பக்கத்துத் தெருக்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டினேன்.
இரவெல்லாம் ஒதுக்குவோம்.
விடியும்போது முதல் தெரு மறுபடி வெளுத்திருக்கும்.
அதற்காக யாரும் அழுததில்லை.
திரும்ப முதல் தெருவுக்குப் போவதுதான் வேலை.
வைத்தியமும் அப்படித்தான் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் தொண்ணூறு.
அக்டோபரில் எழுபத்து நான்கு.
நவம்பரில் நாற்பது.

தானாடாவிட்டாலும் தசையாடும்.
ஆடத்தான் செய்தது, ஏழு மாதம்.

யாரைக் கோபிப்பது?
வேலையை விட்டு ஓடியவை என் அணுக்கள்.
நடுராத்திரி சமையலறையில்
முழங்கையைப் பார்த்துத் திட்டினேன்,
ஷிப்டுக்கு வராத பையன்களைத் திட்டுகிற
அதே வார்த்தைகளில்.

ஏழு வயதில் அவனுக்கு டான்சில் எடுத்தபோது
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.
இப்போது முப்பத்தாறு.
காகிதம் என்னைத் தாண்டி அவனிடம் போகிறது.
ப்ளூபெர்ரி ஜூஸ் பாட்டிலைப் பிடித்தபடி
ஜன்னலோரம் நிற்கிறேன்,
விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி.

ஹெல்சிங்கியில் ஒரு சோதனை மருந்து இருக்கிறதாம்.
பதினொரு பக்கம் அச்செடுத்து,
முக்கியமான வரிகளில் கோடு போட்டு வைத்திருந்தேன்.
ரௌஹலா பேசி முடிக்கும்வரை கேட்டான்.
பிறகு மீர்வாவைப் பார்த்தான்,
கடைசியில் என்னை.
"வேண்டாம்ப்பா."

வாய் நிறைய வார்த்தை இருந்தது எனக்கு.

எங்கள் வேலையில் ஒன்று உண்டு:
வீட்டு வாசல் வருகிறபோது பிளேடைத் தூக்கிவிட வேண்டும்.
தூக்காவிட்டால், அதுவரை தள்ளி வந்ததெல்லாம்
யாரோ ஒருவர் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

தூக்கினேன்.
பதினொரு பக்கமும் காரின் பின்சீட்டில்தான் கிடக்கிறது, இன்னும்.

இப்போது என் வேலை செவ்வாயும் வெள்ளியும்.
இருபது நிமிடம் முன்னாலேயே வண்டியைச் சூடாக்குவது.
மஞ்சள் பை ஏறி முடியும்வரை
கார் நிறுத்துமிடத்தில் குறுக்கெழுத்து போடுவது.
"எப்படி இருக்கு?" என்று கேட்காமல்
"ரேடியோ போடவா?" என்று கேட்பது.
சில நாள் தலையாட்டுவான்.
ஒருநாள் கதவை அறைந்து சாத்திவிட்டு
மீர்வாவோடு டாக்சியில் போனான்.
மறுநாள் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நேற்று மூன்று மணிக்கு போன்.
"தூக்கம் வரல. பனி கொட்டுது.
உங்க பழைய ரூட் எது, காட்டுங்க."

மீர்வா இரண்டு கம்பளி சுற்றி அனுப்பினாள்.
பெண்ட்டியின் வண்டி முன்னால் போக,
ஆரஞ்சு விளக்கின் பின்னால்
நாங்கள் இருபதில் போனோம்.
இது பள்ளிக்கூடம். இந்த வளைவில்தான் ஒருதரம் தபால் பெட்டியை இடித்தேன்.
"தெரியும். அம்மா சொல்லியிருக்காங்க."
நான் யாரிடமும் சொன்னதில்லை என்று
நினைத்திருந்தேன்.

ஆறாவது தெருவில் பேச்சு நின்றது.
திரும்பிப் பார்க்கப் பயந்து
கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினேன்.
வைப்பர் இடமும் வலமும்.

பிறகு கேட்டது,
வைப்பரைவிட மெல்லிசாக,
குறட்டை.