வட சுவர்

காப்புறுதிக் கம்பனி தந்த படிவத்தில்
பதினேழு பெட்டிகள்.
கூரை, கதவு, மணி, கீறல்கள், ஏனையவை.
முகத்துவாரத்தில், டயர் கடைக்கும்
ஐஸ் தொழிற்சாலைக்கும் நடுவில் இந்தக் கோயில்.
ஆனி மாதம். காலையிலேயே ஏணி ஏறினேன்.

கூரை: செங்குத்து.
பனி வழுக்கி விழ வேண்டுமாம்.
"நூற்று அறுபது வருஷமாய்க் காத்திருக்கிறோம்,
இன்னும் விழவில்லை" என்றார் லூடோவைக்,
கோயில் வார்டன், கீழே ஏணியைப் பிடித்தபடி.
அப்போது விழுந்தது
காகம் தவறவிட்ட ஒரு மீன்தலை.

கோப்பியில் காசு பார்த்த ஹாரோபி துரை
இங்கிலாந்தில் தான் ஞானஸ்நானம் பெற்ற
ஏதோ ஒரு சிற்றூரின் கோயிலை
நினைவிலிருந்து வரைந்து கொடுத்தானாம்.
அங்கே எண்ணூறு வருஷமாய்
ஆளுக்கொன்றாய்ச் சேர்த்து வைத்ததை
இங்கே இரண்டே மழைக்காலத்தில் கட்டி முடித்தார்கள்,
பழசையும் சேர்த்து.

வாசற்படி நடுவில் பள்ளம்.
பாதங்கள் தேய்த்ததல்ல, உளி தோண்டியது.
தொழுநோயாளர் வெளியே நின்று
பீடத்தைப் பார்க்கச் சுவரில் ஒரு சாய்ந்த துவாரம்.
யாரும் நின்றதில்லை. அந்தப் பக்கம் இப்போது மின்மானி.
ஞானஸ்நானத் தொட்டிக்கு மரமூடி, மூடிக்குப் பூட்டு:
அந்த ஊரில், சூனியக்காரிகள் தண்ணீர் திருடாதிருக்க.
இந்த ஊரில்,
நுளம்புக் குடம்பி தேடிச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால்
சாவியைக் காணவில்லை என்று சொல்ல.

வடக்கே ஒரு கதவு.
கல்லால் அடைத்தபடியே கட்டிய கதவு.
குழந்தையின் தலையில் நீர் விழும் நேரம்
பிசாசு வெளியே போக அங்கே திறந்து வைப்பார்களாம்,
பிற்காலத்தில் அடைத்துவிட்டார்களாம்.
துரைக்கு அடைத்தது மட்டும் நினைவிருந்தது.
ஆகவே இங்கே நுழைந்த பிசாசு எதுவும்
இன்னும் வெளியேறவில்லை.
லூடோவைக் சிரிக்கவில்லை.
நிர்வாகக் கூட்டங்களை நினைத்திருப்பார்.

தென் சுவரில் நிழற்கடிகாரம்.
ஒரு துளை, ஓர் ஆணி, விசிறியாய்ச் செதுக்கிய கோடுகள்,
ரோம எண்கள். அச்சொட்டான பிரதி.
ஆனால் சித்திரை பிறக்கும் முன்னமே
இந்த ஊர்ச் சூரியன் உச்சந்தலையைக் கடந்து
வடக்கே போய்விடும்.
ஆவணி பாதி கழியும்வரை
அந்த ஆணிக்கு நிழலே இல்லை.
துரை வரைந்தது
தெற்கை விட்டு அசையாத ஒரு சூரியனை.

ஈரம் பார்க்க வட சுவரின் பாசியைச் சுரண்டினேன்.
ஒரு துளை. துரு.
அதிலிருந்து விரிந்த கீறல்கள்.
கோடுகளின் நுனியில் ௮, ௯, ௰, ௰௧.
மணிகள் வலமிருந்து இடமாக ஓடின.
இந்தப் பக்கம் நிழல் அப்படித்தான் நடக்கும்.

கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டிப் பார்த்தோம்.
கொத்தர் பன்னிரண்டு. கூலி. அரிசி.
காய்ச்சலில் ஒன்று குறைவு.
பெயர் இல்லை.

ஆனி வெயிலில் சாரத்தின் மேல் நின்றவன்.
வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறதென்று
முதுகால் அறிந்தவன்.
சோற்று நேரத்துக்கு இன்னும் எவ்வளவென்று
துரையின் சுவரில் பார்க்க முடியாமல்
தன் சுவரில் ஒன்று கீறிக்கொண்டவன்.

என் பேனாவைத் துளையில் செருகினேன்.
நிழல் ௰௧ மேல் கிடந்தது.
கைபேசியில் பதினொன்று பத்து.
அது நாடு முழுவதற்குமான மணி.
சுவர் சொன்னது
முகத்துவாரத்துக்கு மட்டும்.

லூடோவைக்கிடம் பேனா இரவல் வாங்கி
ஏழாவது பெட்டியில் எழுதினேன்:
கீறல்கள் உண்டு.
பூச வேண்டாம்.